ரிமோட்டுக்கு ஒரு வயர்

ஜூன் 3, செவ்வாய்

தச்சர் வந்து கூடத்து அலமாரிக்குக் கதவு போட்டுவிட்டுப் போனார். நான் கேட்டதுதான். உள்ளே பிள்ளையின் பெட்டிகள் இருக்கின்றன. ஆம்ப்ளிஃபயர், பாட்டு ஓடுகிற பிளேயர், கீழே செட்டாப் பாக்ஸ். எல்லாம் அவன் அடுக்கின மாதிரியே. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவன், நடந்து திரும்பவில்லை. அதிலிருந்து அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கூட்டுவேன். இன்று நேராகப் பார்த்துக் கூட்டினேன்.

ஜூன் 5, வியாழன்

கதவை மூடினால் ரிமோட் பிடிக்கவில்லை. இவர் செய்தி பார்க்க வந்து, மூடின கடை வாசலில் நிற்கிற மாதிரி நின்று அமுக்கிக்கொண்டே இருந்தார்.

"என்னங்க, மந்திரமா போடறீங்க? கதவத் தொறங்க."

திறந்தார். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். நான் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

ஜூன் 8, ஞாயிறு

எழுதினால் மனசு அடங்குமா பார்க்கிறேன்.

இவர் ஒரு பொட்டலம் வாங்கி வந்தார். தீப்பெட்டி மாதிரி ஒன்று, டிவிக்குக் கீழே ஒட்ட ஒரு கறுப்புக் கண், நூல் மாதிரி வயர், அதன் நுனியில் பயறு அளவு பல்புகள். அந்தப் பல்பை ஒவ்வொரு பெட்டி முகத்திலும் ஒட்டிவிட்டால் கதவு மூடியிருந்தாலும் ரிமோட் வேலை செய்யுமாம். தரையில் காலை நீட்டி உட்கார்ந்து வயரைப் பிரித்தார். வாயில் ஏதோ முணுமுணுப்பு. பாட்டு மாதிரி இருந்தது.

கத்திவிட்டேன். "புள்ளையப் பறிகுடுத்த வீட்ல பாட்டு கேக்குதா உங்களுக்கு? எல்லாத்தையும் தூக்கிட்டுப் போங்க. என் கண்ணுல படவே வேணாம்!"

அந்த மனுஷன் வயரை விரலில் சுற்றி மேசை டிராயரில் போட்டுவிட்டு வெளியே போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஜூன் 9, திங்கள்

வேலை முடிந்து வந்தேன். அலமாரியில் செட்டாப் பாக்ஸ் மட்டும் இருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

கேட்டேன். "நீதான சொன்ன" என்றார்.

அவர் தங்கை வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டாராம். தங்கை வீட்டுக்காரர் இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் கிடக்கிறார். "மாப்ளையாவது கேக்கட்டும். பாவம், கூரையவே பாத்துட்டுக் கெடக்கறாரு."

சொன்னேன்தான். நான் வேலை பார்க்கிற லாண்டரியில் இன்று மடித்த விரிப்பையே திரும்பத் திரும்ப மடித்தேன். பக்கத்தில் நிற்பவள், "அக்கா, அது பாட்டுக்குக் கெடக்கட்டும், விடுங்க" என்று பிடுங்கிக்கொண்டாள்.

ஜூன் 14, சனி

நாத்தனார் போன் செய்தாள். உள் அறையில் கட்டிலும் மருந்து மேசையும் போக இடமில்லையாம். ஸ்பீக்கரை மட்டும் அங்கே வைத்து, பெட்டிகளைக் கூடத்தில் வைத்திருக்கிறாள்.

"அண்ணி, என் பொழப்பப் பாருங்க. நானே ரிமோட்டா ஆயிட்டேன். ஏத்துங்கறாரு, ஓடறேன். கொறைங்கறாரு, ஓடறேன். மாத்துங்கறாரு. நான் புருஷன மாத்த முடியாம பாட்ட மாத்திட்டு இருக்கேன்!"

சிரித்துவிட்டேன். எத்தனை நாளாயிற்று. அப்புறம் அவள் குரல் இறங்கியது. "அண்ணன் ஒரு வயர் வாங்குச்சாமே, அத அனுப்பறீங்களா? அது பாட்டு கேக்க வாங்கல அண்ணி. செய்தி பாக்க ஒவ்வொரு தடவையும் கதவத் தொறந்தா நீங்க எழுந்து போயிடறீங்களாம். பொட்டியக் குடுக்கவும் மனசில்ல, உங்க கண்ணுல படவும் கூடாது. கதவையே தொறக்க வேணாம்னுதான் வாங்குச்சாம். உங்ககிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை. சொல்லத்தான் விட்டேனா?

ஜூன் 15, ஞாயிறு

எனக்காகச் செய்தார். அதுக்குப் போயி நான் — என்ன பேச்சு பேசிட்டேன். நாக்கா அது?

"திருப்பிக் கேக்கலாமாங்க?" என்றேன்.

"படுத்துக் கெடக்கறவர்கிட்ட எந்த மூஞ்சிய வச்சுக் கேக்கறது?"

"தங்கச்சி வீடுதான? நான் கேக்கறேன்."

"உன் இஷ்டம்."

ஜூன் 22, ஞாயிறு

போனேன். இவர் வரவில்லை. "கழட்டினவன் நான். போயி பாக்க முடியாது" என்றார். வயர்ப் பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொண்டேன். வயரைக் கொடுத்துப் பெட்டியைக் கேட்பதா, எதுவும் கேட்காமல் வருவதா? பஸ் முழுக்க அதே யோசனை.

உள் அறையில் நாத்தனார் வீட்டுக்காரர் பாதியாக இளைத்துக் கிடந்தார். "வா தங்கச்சி. இத்தனை மாசமா இந்த வீட்ல என் முனகல் ஒண்ணுதான் கேட்டுச்சு. இப்பதான் வேற சத்தம் கேக்குது. உன் புள்ள புண்ணியம்" என்றார்.

"அதுக்கென்ன அண்ணா" என்றேன். பெட்டியைக் கேட்கவில்லை. போகட்டும்.

பொட்டலத்தைப் பிரித்தேன். கறுப்புக் கண்ணைக் கட்டில் காலில் ஒட்டி, வயரைக் கதவோரமாகக் கூடத்துக்கு இழுத்தேன். பெட்டிகள் எதிரே உட்கார்ந்தேன். இத்தனை கிட்டத்தில் அவற்றை நான் பார்த்ததே இல்லை. ஒரு ஓரத்தில் கீறல், ஒரு திருகு மட்டும் வேறு நிறம். பெட்டிக்கு ஒரு பல்பாக ஒட்டினேன். உள்ளேயிருந்து, "தங்கச்சி, ஒண்ணும் அசையல!"

பொட்டலத்துத் தாளில் இருந்த இங்கிலீஷ் படிக்கத் தெரியவில்லை, நான் அஞ்சாவதோடு நின்றவள். இவருக்குப் போன் போட்டேன்.

"எங்க ஒட்டின?"

"செவப்பு லைட்டு மேல."

"அங்க எதுக்கு ஒட்டின?"

"அதுதான எரியுது?"

"எரியறதெல்லாம் கண்ணா? அது கரண்டு இருக்குன்னு காட்டற லைட்டு. ரிமோட்ட கையால மூடிப் பிடிச்சு, பொட்டி மூஞ்சிய ஒட்டுனாப்புல நகத்து. எங்க கேக்குதோ அதான் கண்ணு."

நகர்த்தினேன். குமிழுக்குப் பக்கத்தில், ஒன்றுமே இல்லாத கறுப்புக் கண்ணாடியில் பிடித்தது. பல்பைப் பிய்த்து அங்கே ஒட்டினேன். மற்றதற்கும் அப்படியே. உள்ளேயிருந்து அவர் அமுக்க, வீடு முழுக்கப் பாட்டு. "அப்பாடா, எனக்கு விடுதல!" என்று நாத்தனார் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"சரிங்க, வந்துடுச்சு. வச்சிடறேன்" என்றேன்.

"வைக்காத. கொஞ்ச நேரம் அப்படியே பிடி."

பெட்டிகளுக்கு முன்னால் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஜூன் 29, ஞாயிறு

மழை. போகவில்லை. இவர் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். அப்புறம் கழற்றினார்.

ஜூலை 6, ஞாயிறு

இரண்டு பேரும் போனோம். இவர் பெட்டிகளைப் பார்க்காமல் நேரே உள் அறைக்குப் போய்க் கட்டிலோரம் உட்கார்ந்தார்.

பிளேயரில் பிள்ளை செருகின பென் டிரைவ் அப்படியே இருக்கிறதாம், நூற்றுக்கணக்கில் பாட்டு. நாத்தனார் வீட்டுக்காரர் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "இதுல புள்ளைக்கு ரொம்பப் புடிச்சது எது மச்சான்? அதையே போடறேன்."

இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். தெரியவில்லை. அவன் கூடத்தில் போட்டதெல்லாம் எங்களுக்குச் சத்தம்தானே. நான் அடுப்படியிலிருந்து கத்துவேன், இவர் வந்து குறைக்கச் சொல்வார். எந்தப் பாட்டு என்று ஒரு நாள் நின்று கேட்டோமா?

"சரி விடுங்க. ஒவ்வொண்ணா போடறேன், எங்கயாவது கேட்டாப்புல இருந்தா சொல்லுங்க" என்றார் அவர்.

ஒன்று முடிந்து ஒன்றாகப் போட்டார். நாத்தனார் டம்ளர்களை எடுத்துக்கொண்டு ஓசையில்லாமல் வெளியே போனாள். நான் இவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

ஒரு பாட்டின் நடுவில் இவர் கையைத் தூக்கினார். "இதுவா?"

எனக்கு எதுவும் பிடிபடவில்லை.

"இருக்கலாங்க" என்றேன்.