கிழக்கே திரும்பிய மேஜை

ஐப்பசி, திங்கள்

காலையிலிருந்து தூறல். உறுதியானது ஒன்று: பார்சல் குடோனில் ஷாக் அடித்த மேஜைக்குப் போன லைனில் ட்ரிப்பர் இணைப்பிலேயே இல்லை. சொன்னவர் மின் ஆய்வாளர் அலுவலக உதவியாளர், போனில். பேப்பரில் பெயர் போடக் கூடாது. ட்ரிப்பர் என்பது கசிவு வந்ததும் தானே கரண்ட்டை நிறுத்தும் சுவிட்ச். கெட்டுப்போகவில்லை, யாரோ அதைத் தாண்டி ஒயர் கொடுத்திருக்கிறார்கள்.

உள்ளூர் கேபிள் டிவி இன்னும் "ஈரக்கையால் தொட்டதால்" என்றே ஓட்டுகிறது. குடோன் மேனேஜர் சொன்னது அது. ஆய்வறிக்கையிலும் அதுவே ஏறினால் தப்பு முழுக்க அடிபட்ட கலைச்செல்வியின் தலையில். பார்சலுக்கு லேபிள் ஒட்டுகிறவர். தீபாவளிக்கு முந்தின வாரம் இரும்பு மேஜையில் கை வைத்ததும் கரண்ட் இழுத்துப் பிடித்துக்கொண்டது. லோடுமேன் ஒருவர் மரப்பலகையால் தள்ளிவிட்டதால் உயிர் மிச்சம்.

பேனாவுக்கு ரீஃபில் வாங்க வேண்டும். ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை. நாளை சிதம்பரத்துக்கு பஸ்தான்.

செவ்வாய்

கடலூரில் ஏறும்போது மழை, இறங்கும்போதும். அண்ணாமலை நகர் பக்கம் ஆஸ்பத்திரி. கலைச்செல்வி எழுந்து உட்கார்ந்திருந்தார். வலது கையில் பெரிய கட்டு. மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்குமா என்பது கட்டுப் பிரித்தால்தான் தெரியும். இடது கையால் இட்லி பிட்டால் பாதி தரைக்குத்தான் என்று சிரித்தார்.

கை ஈரமாக இருந்ததா என்று கேட்டேன். கோபம் வரவில்லை அவருக்கு. வந்திருக்கலாம்.

"கை ஈரமா இருந்தா லேபிள் ஒட்டாது சார், சுருண்டுக்கும். இடுப்புல துண்டு சொருகிக்கினு தொடச்சிக்கினே இருப்பேன். ஈரக்கைனு சொன்னவரு அந்தக் கையால ஒரு லேபிள் ஒட்டிக் காட்டட்டும்."

டிவியில் வந்ததை மாமியார் பார்த்துவிட்டாராம். அதிலிருந்து பேச்சு குறைவு. தன் மேல் தப்பில்லை என்று யாராவது எழுதிக் கொடுப்பார்களா என்று மட்டும் கேட்டார். குடையை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

புதன்

மழை விட்டது. புழுக்கம். குடோன். சம்பவம் நடந்த இடத்தில் திருஷ்டிப் பூசணி உடைத்த குங்குமம் இன்னும் தரையில். ஸ்விட்ச் போர்டின் மேல் எலுமிச்சை, மிளகாய். ட்ரிப்பர் மட்டும் வரவில்லை. அந்த மேஜைக்குக் கரண்ட் இல்லை. நிறுத்தச் சொன்னவர் ஆய்வாளர்.

கேட்டுத் தெரிந்துகொண்டது. மேஜை முன்பு சுவரை ஒட்டி, தெற்குப் பார்த்து. பிளக் பாயிண்ட் கைக்கெட்டும் தூரம். ஆயுத பூஜையன்று முதலாளி அதைக் கிழக்கே திருப்பி நடுவில் போடச் சொன்னார். கம்ப்யூட்டர், லேபிள் பிரிண்டர், தராசு, எல்லாவற்றுக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் ஒயர், டிராலி போகிற வழிக்குக் குறுக்கே. யாரும் தடுக்கி விழக் கூடாதென்று மேலே ஒரு சாக்கு. அந்த வாரமே ஆர்டர் கூடியது. தீபாவளி வந்தால் கூடத்தான் செய்யும். ஆனால் மேஜை ராசி என்று பேச்சு. பிறகு அதைப் பழைய இடத்துக்குத் திருப்ப யாருக்கும் மனம் வரவில்லை.

நல்லதுக்குத்தான் போட்டார்கள் சாக்கை. டிராலி ஏறி ஏறி ஒயர் நசுங்கியது யார் கண்ணிலும் படாமல் போனதும் அதனால்தான். மழைத் தண்ணீர் வாசலில் ஏற, சாக்கு ஊறியது. மேஜைக் காலுக்கே கரண்ட்.

எதிர் டீக்கடையில் லாரி டிரைவர் ஒருவர்: "ஆர்டர் ஏறுனா மேஜை ராசி. ஷாக் அடிச்சா மட்டும் அந்தப் பொண்ணு ராசியா?" எல்லாரும் சிரித்தார்கள். ஷிப்ட் சூப்பர்வைசர் முருகவேல் மட்டும் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

வியாழன்

மறுபடி மழை. குடோன் எலக்ட்ரீஷியன் குணசேகரன் தானாகவே வீட்டுக்கு வந்தார். முருகவேலின் மச்சான், மனைவியின் தம்பி. கொடுத்த மிக்சர் தட்டைக் கையில் பிடித்தபடியே இருந்தார், ஒரு வாய் போடவில்லை.

மேலிருந்து பைப்பில் லைன் இறக்கி, மேஜைக்கென்று தனியாக எர்த்தோடு கொடுத்துவிடலாம் என்று பூஜையன்றே சொன்னாராம். அரை நாள் வேலை. ஆனால் அரை நாள் கரண்ட்டை நிறுத்த வேண்டும். தீபாவளி முடியட்டும் என்றார்கள். மழை பிடித்ததும் ட்ரிப்பர் விழுந்துகொண்டே இருந்தது. பேக்கிங் நின்று நின்று ஓடியது. முருகவேல் போன் செய்தார்.

"மச்சான், இன்னிக்கு ஒரு நாள் மட்டும் அதத் தாண்டிக் குடுத்துடு, லாரி நிக்குதுன்னாரு மாமா. குடுத்துட்டேன் சார். விழுறதுதான் அதோட வேலைனு எனக்குத் தெரியும். மறுநாள் மாத்திடலாம்னு இருந்தேன். மறுநாளும் லாரி நின்னுச்சு."

எழுத வேண்டாம், அக்கா குடும்பம் என்றார். நீங்கள் சொன்னதை எழுதமாட்டேன், ஆனால் நீங்கள் ஆய்வாளரிடம் சொல்லாவிட்டால் அறிக்கையில் ஈரக்கைதான் ஏறும் என்றேன். லேபிள், துண்டு, கலைச்செல்வி சொன்னதையெல்லாம் சொன்னேன். குனிந்துகொண்டார்.

"ஆமா சார். பச்சைத் துண்டு."

போகும்போது என் வீட்டு மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுப் போனார். நான் கேட்கவில்லை.

வெள்ளி

வெயில். துணி எல்லாம் மாடியில். குடை போனதுதான்.

குணசேகரன் காலையில் ஆய்வாளரிடம் வாக்குமூலம் கொடுத்துவிட்டார். சொன்னவர் அதே உதவியாளர். ட்ரிப்பரைத் தாண்டி ஒயர் கொடுத்தது நான்தான் என்று எழுதிக் கையெழுத்து. யாரும் சொல்லி அல்ல, நானாகவே என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார். முருகவேல் பெயர் இல்லை. அரை நாள் நிறுத்த மறுத்த கதையும் இல்லை.

எனக்குத் தெரியும். ஆனால் எழுதமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாயிற்று. ஆய்வாளரிடம் போகச் சொன்னதும் நான். ஒருவர் தலையிலிருந்து இறங்கி இன்னொருவர் தலையில் மட்டும் ஏறும் என்று யோசிக்கவில்லை.

பேப்பருக்கு ஆறு வரி அனுப்பினேன். ட்ரிப்பர் இணைப்பில் இல்லை என்பது வரை. மேலிருந்து புது லைன் கார்த்திகை பிறந்ததும், நாள் பார்த்து: மேனேஜர். மேஜை? கிழக்கேதான்.

சாயங்காலம் கலைச்செல்வி போன். தன் மேல் தப்பில்லை என்று வந்துவிடும்தானே என்றார். அறிக்கை புதன்கிழமை, அநேகமாக வந்துவிடும் என்றேன். கட்டுப் பிரிப்பது திங்களாம். பின்னால் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம்.

"ஒயர் குடுக்கச் சொன்னது யாருனு தெரிஞ்சிச்சா சார்?"

அதுவும் புதன்கிழமைதான் என்றேன்.