தள்ளிவைத்த விருந்து

அம்மா,

இன்று பள்ளி விட்டு வந்து மாடி ஏறும்போது, எதிர்வீட்டுக் கிரேக்கக்காரி ஸோஃபியாவின் கதவிடுக்கு வழியாக அந்த வாசனை வந்தது. ஆலிவ் எண்ணெயில் வெங்காயம் வதங்கி, அதன்மேல் சோயிக்கீரை விழும் வாசனை. அவர்களுக்கு மறுபடியும் தவக்காலம் தொடங்கிவிட்டது. நீ இருந்திருந்தால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "இன்னிக்கு என்னடி, இலையா, பீன்ஸா?" என்று மோப்பம் பிடித்திருப்பாய். நான் கோட்டைக்கூடக் கழற்றாமல் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இந்தப் பனிநாட்டுக்கு வந்து, கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் நாம் குடியேறிய முதல் குளிர்காலம் நினைவிருக்கிறதா? பல்கலைக்கழகத்திலிருந்து அப்பாவின் சிநேகிதர்கள் வருவார்கள். நீ தோசைத் திருப்பியும் கையுமாக அடுப்புக்கும் மேசைக்கும் நடப்பாய். எல்லோரும் "பிரமாதம்" என்பார்கள், பிறகு அப்பாவின் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். உன்னைப் பார்க்க என்று இந்த வீட்டுக்கு ஒருவரும் வந்ததில்லை, ஸோஃபியா வரும்வரை.

அவள் திராட்சை இலையில் சோறு சுருட்டி ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்தாள். நீ ஓரடி பின்வாங்கி, "கறி இருக்குமோ என்னமோ, நீயே கேளுடி" என்று என்னைத் தள்ளினாய். நான் ஆங்கிலத்தில் கேட்டேன். அவள் தலைக்கு இருபுறமும் விரல்களை வைத்து ஆடு போல் கத்திக் காட்டினாள். பிறகு பலமாகத் தலையாட்டி மறுத்தாள். பெருநாளுக்கு முன் ஏழு வாரம் அவர்கள் வீட்டில் இறைச்சி கிடையாது, முட்டை கிடையாது, பால்கூடக் கிடையாது என்று நான் கேட்டுச் சொன்னதும் நீ மோவாயில் கை வைத்தாய். "மோருமா கிடையாது? நம்மளையே மிஞ்சிட்டாளே!"

அப்படித்தான் தொடங்கியது. இருவருக்கும் பொதுவான ஆங்கிலம் ஒரு கை நிறையக்கூட இருக்காது. இலையை நரம்புப் பக்கம் மேலாக வை, இறுக்கிச் சுற்றாதே, அரிசி ஊதும் என்பதை அவள் கன்னத்தை உப்பிக் காட்டித்தான் சொன்னாள். சுருள்கள் கலையாமல் இருக்கப் பாத்திரத்துக்குள் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்தாள். "இதுல ஒரு சிட்டிகை பெருங்காயம் போட்டா எப்படி இருக்கும் தெரியுமா?" என்று உன் கை துறுதுறுக்கும். அவள் உன் கையில் செல்லமாக அடிப்பாள். பெரிய வெள்ளை பீன்ஸைத் தக்காளியோடு அடுப்புக்குள் வைத்து எடுப்பது, கீரையும் அரிசியும் எலுமிச்சையும் சேர்த்து வேகவிடுவது எல்லாம் உனக்கு வந்தன. ஆட்டுக்கறி உன் சட்டியில் ஏறாது, முட்டை ஊற்றும் சூப் ஏறாது. ஆகவே உனக்குத் தெரிந்த கிரேக்கச் சமையல் முழுவதும் அவர்களுடைய விரதச் சமையல்தான். அது விரதச் சமையல் என்றே நீ நினைக்கவில்லை. உனக்கு அது விருந்து.

மறு வருடம் ஸோஃபியாவையும் அவள் கணவர் கோஸ்டாவையும் சாப்பிடக் கூப்பிட வேண்டும் என்றாய். நீயாக, உனக்காகக் கூப்பிட்ட ஒரே விருந்து அதுதான். ஸோஃபியாவைக் கேட்டுத்தான் தவக்காலத்துக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தாய். அப்பா பரீட்சைத் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"இந்த வாரம் முடியாது. பேப்பர் கட்டு கட்டா கிடக்கு. ரெண்டு மூணு வாரம் தள்ளி வெச்சுக்கோ."

"அவங்ககிட்ட சொல்லியாச்சுங்க."

"சொன்னா என்ன? எதிர்வீடுதானே, ஓடியா போயிடுவாங்க?"

நீ போய்ச் சொன்னாய். ஸோஃபியா, "நல்லது, பாஸ்கா முடிந்து, இன்னும் நல்லது" என்றாள். அவர்களுடைய ஈஸ்டருக்கு அதுதான் பெயர். அது முடிந்தால் சமையலே தலைகீழாகிவிடும் என்பது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அந்த ஞாயிறு நீ மாம்பழ நிறப் பட்டுப்புடவை கட்டியிருந்தாய். மேசை முழுக்க இலைச் சுருள், பீன்ஸ், கீரைச் சோறு. கோஸ்டா உட்கார்ந்தார். ஒவ்வொரு பாத்திரமாக மூடியைத் திறந்து பார்த்தார். ஏழு வாரம் இதையே தின்று, ஒரு வாரம்தான் ஆட்டுக்கறியைக் கண்டிருந்த மனிதர். பிறகு நெஞ்சில் கை வைத்து ஆங்கிலத்தில் சொன்னார்: "கிறிஸ்து உயிர்த்தெழுந்துவிட்டார். பீன்ஸுக்கு மட்டும் இன்னும் தகவல் வரவில்லை!"

ஸோஃபியா மேசைக்கடியில் அவரை உதைத்தது எனக்குத் தெரிந்தது. நீ சிரித்த முகத்தோடு என்னைப் பார்த்தாய். "என்னடி சொல்றார்?"

"நல்லா இருக்காம், அம்மா."

"நல்லா இருக்காவது!" என்றார் அப்பா, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே. "பண்டிகை முடிஞ்சு வந்தவங்களுக்கு நீ பட்டினிச் சாப்பாடு போட்டிருக்கியாம்! இதுக்குத்தான் சாம்பார், வடை பண்ணுன்னேன்."

அவர் அப்படிச் சொல்லவே இல்லை. நீயும் மறுக்கவில்லை. ஸோஃபியா இரண்டு தட்டுச் சாப்பிட்டாள், கோஸ்டாவும் கூச்சத்தோடு சாப்பிட்டார். நீ கரண்டியைப் பிடித்தபடி நின்றாய், உட்காரவில்லை.

மறுநாள் ஸோஃபியா வந்து உன்னைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் விளக்கினாள். முதலில் குறித்த ஞாயிறாக இருந்திருந்தால் அந்தச் சாப்பாடு அவர்களுக்கு அமிர்தம் என்று புரிந்தது. நான் அப்பாவிடம் சொல்லப் போனேன். நீ என் தோளைப் பிடித்தாய். "வேண்டாம்டி. பாவம், அவருக்கு வேலை இருந்தது. நான்தான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டிருக்கணும்." யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டாய்.

அதன்பின் நீ திராட்சை இலையைத் தொடவில்லை. ஒருவரையும் கூப்பிடவும் இல்லை. போன ஜனவரியில் மருத்துவமனைக்குப் போனாய், திரும்பி வரவில்லை.

போன சனிக்கிழமை அப்பாவின் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் பேராசிரியரும் அவர் மனைவியும் வந்தார்கள். ஊரில் இன்னும் கட்டி முடியாத ஒலிம்பிக் அரங்கத்தைப் பற்றிப் பேசி ஓய்ந்ததும், அப்பா அந்தக் கதையை எடுத்தார். நீ போனபின் இது எத்தனையாவது தடவையோ. அதை அவர் அன்பாகத்தான் சொல்கிறார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "பாவம், அவ ரொம்ப வெகுளி" என்று தொடங்கி, கோஸ்டாவின் குரலிலேயே பீன்ஸ் நகைச்சுவையைச் சொல்லி முடிப்பார். அவர்கள் சிரித்தார்கள். உன்னை ஒருமுறைகூடப் பார்த்திராத அந்த மாமி சிரித்தார். இனி அவருக்கு நீ அவ்வளவுதான்.

உனக்குக் கொடுத்த வாக்கை அப்போது மீறினேன்.

"அம்மா சரியான ஞாயிறுதான் குறிச்சாங்க, அப்பா. நீங்கதான் பேப்பர் திருத்தணும்னு தள்ளி வெச்சீங்க."

சிரிப்பு நின்றது. அப்பா கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். ஒரு சண்டைக்கே தயாராக இருந்தேன். அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"அப்படியா?" என்றார். "எனக்கு ஞாபகமே இல்லையே."

பேராசிரியர் தொண்டையைச் செருமி, இந்த வருடப் பனியைப் பற்றிக் கேட்டார். அப்பா பதில் சொல்லத் தொடங்கினார். நீ வருடக்கணக்கில் மூடிக் காத்த விஷயத்துக்கு இந்த வீட்டில் கிடைத்த இடம் அவ்வளவுதான், அம்மா.

நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். மாமி பின்னாலேயே வந்தார். சங்கடத்தை மாற்ற நினைத்தாரோ என்னவோ, நல்ல மனுஷிதான். "அந்த இலைப் பதார்த்தம் கேக்கவே நல்லா இருக்கே. உனக்குப் பண்ணத் தெரியுமாம்மா? அடுத்த தடவை நாங்க வரும்போது பண்ணேன்."

"தெரியாது மாமி" என்றேன்.

தெரியும், அம்மா. நரம்புப் பக்கம் மேலாக, அரிசிக்கு இடம் விட்டு, எல்லாம் தெரியும். அந்த மேசைக்கு மட்டும் செய்ய மாட்டேன்.