புதன்கிழமை இரண்டு மணி

பொங்கோல், சிங்கப்பூர்

அன்பு மகன் அகிலனுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தங்கை சுதாவும் இருக்கிறோம், நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. நியூயார்க்கில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அதே கவலை எனக்கு. வாரா வாரம் போனில் பேசுகிறோமே, இப்போது என்ன கடிதம் என்பாய். உன் குரலைக் கேட்டதும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறெதையோ பேசிவிடுகிறேனய்யா, அதனால்தான்.

நேற்று மருதப்பன் சித்தப்பா சிவானியின் கல்யாணப் பத்திரிகையோடு வந்தார், "அண்ணி, தம்பி ஏதாவது பேசுனானா" என்று மட்டும் கேட்டார். மகள் கல்யாணம் என்று அவர் அனுப்பிய மெசேஜுக்கு நீ பதிலே போடவில்லையாமே. போன மாதம் அப்பாவின் வருஷத் திதிக்கும் நீ வரவில்லை. அப்பா கருமாதி முடிந்து கிளம்பும்போது சித்தப்பாவைச் சொல்லி, "மூணு மணி நேரம் பொறுக்க முடியலையா, இனி அந்த மனுஷன் முகத்துல முழிக்க மாட்டேன்" என்றாய். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. பாவி, இப்போது திறக்கிறேன்.

அப்பா போனது திங்கட்கிழமை காலை. அன்றே நீ, "செவ்வாய் காலை பத்தரைக்கு ஃப்ளைட்மா, நேரா வருது, பதினெட்டரை மணி நேரம்" என்றாய். பதினையாயிரம் கிலோமீட்டர் தாண்டிப் பிள்ளை வந்துவிடுவான் என்ற ஒரே நினைப்பில் விரல் விட்டு எண்ணினேன், புதன் விடியற்காலை ஐந்து மணி என்று வந்தது. நீ சொன்னது உங்கள் ஊர்ப் பத்தரை, அப்போது இங்கே இரவு பத்தரை என்பது இந்தக் கூறுகெட்டவளுக்கு உறைக்கவில்லை. சித்தப்பா, "நேரம் சரியாத் தெரியுமா அண்ணி, வியாழக்கிழமைக்குக் கேக்கட்டுமா" என்று இரண்டு தடவை கேட்டார். என் பிள்ளை வரும் நேரம் எனக்குத் தெரியாதா என்று எரிந்து விழுந்தேன். அதை நம்பித்தான் மண்டாய் தகனச்சாலையில் புதன்கிழமை இரண்டு மணிக்குப் பதிவு செய்தார்.

விடியற்காலையில் உன்னை அழைக்கச் சாங்கி விமான நிலையத்துக்குப் போன சித்தப்பாவுக்கு அங்கே விசாரித்த பிறகுதான் உன் ஃப்ளைட் சாயங்காலம் ஐந்துக்கு என்று தெரிந்தது. ஓடி வந்து, "நாளைக்கு மாத்திக் கேக்கலாம் அண்ணி" என்றார். நம் அடுக்குமாடி பிளாக் கீழே அத்தனை சனம், பஸ்கூடச் சொல்லியாயிற்று. தப்பாக எண்ணிவிட்டேன் என்று நாலு பேர் முன்னால் சொல்ல வெட்கம். "எடுங்க" என்று சொன்னது அவர் இல்லை அகிலா, நான். நீ வந்து நின்றபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் சாம்பல்தான் உன் கைக்குக் கிடைத்தது. "பிள்ளைக்கு அம்மா மேல கோவம் வேணாம், என் மேலயே இருக்கட்டும்" என்று சித்தப்பா சொன்னதைச் சாக்காக வைத்து ஒரு வருஷம் வாய்மூடி இருந்துவிட்டேன்.

திட்டுவதென்றால் என்னைத் திட்டு. பேசாமல் இருப்பதென்றால் என்னோடு பேசாமல் இரு, தாங்கிக்கொள்வேன். தங்கச்சி சிவானி கல்யாணத்துக்கு மட்டும் வந்துவிடு. இதைப் படித்ததும் முதலில் சித்தப்பாவுக்குப் போன் போடு, மறக்காதே. காத்தோங் செண்பக விநாயகர் உனக்குத் துணை இருப்பார், நீ நீண்ட ஆயுளோடு நன்றாக இரு.

இப்படிக்கு,
அப்பாவின் முகத்தைக் கடைசியாக உன்னைப் பார்க்கவிடாத அம்மா,
ரஞ்சிதம்