பதினோராவது பாட்டுக்குப் பிறகு

அன்பு மகள் சின்னுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் தையல் மெஷினும் ஓடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். உங்கள் ஆபீஸில் புதிதாக மாற்றியமைத்த பாட்டு ஆப் எப்படி இருக்கிறது, மறைக்காமல் எழுதுங்கள் என்று கேட்டிருந்தாய். எழுத்து பெரிசாக இருக்கிறது, கண்ணாடி தேட வேண்டியதில்லை. நிறம்தான் கொஞ்சம் அதிகம். எதுவும் பழைய இடத்தில் இல்லை, அம்மா போட்டுவைத்த பதினோரு பாட்டைத் தேடியே ஒரு காலைப்பொழுது போனது. எதிர்க்கடை செல்போன் ரிப்பேர்க்காரர்தான் எடுத்துக்கொடுத்தார், பொண்ணு செஞ்ச வேலையை நீங்களே குத்தம் சொல்லலாமா என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

நான் இஸ்திரிப் பெட்டியை எடுத்தால் நேரம் காலம் தெரியாது என்று அம்மா செய்த ஏற்பாடுதான் அந்தப் பதினோரு பாட்டு. கடைசிப் பாட்டு நின்றதும், பெட்டியை அணைச்சிட்டு சாப்பிட வாங்க என்று உள்ளேயிருந்து குரல் வரும். அவள் போன இந்த மூன்று மாதமும் பாட்டு நின்றால் அணைப்பேன், சாப்பிடுவேன், திரும்ப வந்து தைப்பேன். ருசியும் கிடையாது, பசியும் கிடையாது. அழுதீங்களாப்பா என்று போனில் கேட்கிறாய், வரவில்லை சின்னு, மரத்துப்போன கால் மாதிரி இருக்கிறது, கிள்ளினாலும் தெரியவில்லை. உங்கள் புது ஆப் பதினொன்றோடு நிற்காமல், தானாகவே அடுத்தடுத்த பாட்டைப் போட்டுக்கொண்டே போகிறது. முந்தாநாள் நாலு மணிவரை கால் கடுக்க நின்று தேய்த்தேன். எரிச்சல் பொறுக்காமல், இன்னுமா கூப்பிடலை, எவ்வளவு நேரம் நிக்கிறது என்று சமையலறையைப் பார்த்துக் கத்திவிட்டேன். கத்திய பிறகுதான் அங்கே ஆள் இல்லை என்பது உறைத்தது. பெட்டியைச் சட்டை மேலேயே வைத்துவிட்டு அப்படியே நின்றேன், காலர் கருகிவிட்டது. ரிப்பேர்க்காரர் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார். நான் கத்தியதை உன்னிடம்தான் சொல்கிறேன்.

பழையபடி பதினொன்றோடு நிற்க வழி இருக்கிறதாம், செய்து தரட்டுமா என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். நீயும் அங்கிருந்து எதையும் மாற்றாதே. நேற்றுப் பன்னிரண்டாவது பாட்டின் நடுவில் நானே நிறுத்திவிட்டுப் போய்ச் சாப்பிட்டேன். உப்பு போட மறந்திருக்கிறேன் என்று தெரிந்தது.

இருவரும் ஒருகுறையும் இல்லாமல் நல்லபடியாக இருங்கள். மாப்பிள்ளை சாப்பிடக் கூப்பிட்டால், இதோ வரேன் என்று கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்திருக்காதே. உடனே எழுந்து போ.

உன் அப்பா