தையல் மெஷினை முதலில் மேலே ஏற்றவும்

ஜூன் 11

ஆற்றுப்படுகை வெள்ள அபாய வரைபடத்தில் கடைசித் திருத்தம் முடிந்தது. தங்கையின் தெரு பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறிவிட்டது. கையெழுத்துப் போட்டேன். வேறென்ன செய்ய?

பழைய படம் வானத்திலிருந்து எடுத்தது. அந்தத் தெரு முழுக்க அடர்ந்த மரங்கள். செயற்கைக்கோள் மர உச்சியைத் தரை என்று எடுத்துக்கொண்டு, மேட்டுப்பகுதி என்று சொல்லிவிட்டது. இந்த முறை மட்டம் பார்க்கும் கருவியோடு நானே நடந்தேன். மேடாவது ஒன்றாவது. ஆறு நிரம்பினால் முதலில் எட்டிப்பார்க்கிற இடமே அதுதான்.

ஜூன் 19

வாண்டு போன் செய்தாள். தங்கைக்கு நாற்பது தாண்டிவிட்டது, எனக்கு இன்னும் வாண்டுதான். வீட்டிலேயே தைத்துக்கொடுப்பவள், கீழ்த்தளத்தில் தையல் கடை போட இருந்தாள். வங்கியில் புதுப் படத்தைப் பார்த்துவிட்டுக் கடன் கிடையாது என்றுவிட்டார்களாம்.

"பச்சைன்னு சொன்னதும் உங்க ஆபீஸ்தான், சிவப்புன்னு சொல்றதும் உங்க ஆபீஸ்தான். என் தெருதான் உனக்குக் கிடைச்சுதா?"

"அது தங்கச்சி வீடுன்னு தண்ணிக்குத் தெரியுமாடி?"

"இனிமே எனக்குப் போன் பண்ணாத."

வைத்துவிட்டாள்.

ஜூன் 20

பண்ணவில்லை.

ஜூலை 6

மலைப்பக்கம் மழை பிடித்துக்கொண்டது. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் கை தானாகப் போனைத் தேடுகிறது. அந்த நேரத்துக்குத்தான் தினமும் பேசுவாள். பெரிதாக ஒன்றும் இருக்காது — யாரோ அரை முழம் துணியைக் கொடுத்துவிட்டு முழுக்கை கேட்கிறாள், வீட்டுக்காரர் குறட்டையில் சன்னல் ஆடுகிறது, இப்படி. மலையில் எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்று எனக்குத் தெரியும். அவள் என்ன சமைத்தாள் என்று தெரியாது. அவள் குரலுக்கு ஏங்கிப்போய்க் கிடக்கிறேன், அதுதான் உண்மை.

ஜூலை 17

மேல் அணை நிரம்பப் போகிறது. தாங்காமல் மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன்.

"மெஷின விட்டுட்டு வரமாட்டேன்னு உட்கார்ந்திருக்கா. நீங்க சொன்னதா சொன்னா இன்னும் முறுக்கிக்குவா" என்றார்.

அவளுக்கு ஏதாவது ஆனால்? இந்தப் படத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

ஜூலை 18

சிவப்புப் பகுதி முழுவதற்கும் எச்சரிக்கைக் குறுஞ்செய்தி. எழுதும் வேலை என்னுடையது. 'மாலைக்குள் வெளியேறவும்' என்று எழுதிவிட்டு இன்னொரு வரியும் சேர்த்தேன்: 'தையல் மெஷினை முதலில் மேலே ஏற்றவும்.'

தலைமைப் பொறியாளர் படித்தார். "இதென்னம்மா, தையல் மெஷின்?"

"நிறைய வீட்ல இருக்கும் சார்."

ஒரு பார்வை பார்த்தார். "சரி, அனுப்புங்க."

அந்த எண்ணுக்கு வரும் பதில்களை யாரும் படிப்பதில்லை. நான் படித்தேன். எங்க வீட்ல மெஷின் இல்ல, கிரைண்டர்தான் இருக்கு, ஏத்தலாமா என்று ஒருத்தர். அப்புறம் அவள் எண்.

"மெஷின் மாடிக்குப் போயாச்சு. நாங்க பள்ளிக்கூடத்து முகாமுக்கு வந்துட்டோம். ஊருக்கே என் மெஷினப் பத்திச் சொல்லணுமா? சாப்பிட்டியா?"

எல்லோரும் பார்க்க அழுதேன். சாப்பிடவில்லைதான்.

ஜூலை 27

தண்ணீர் வடிந்துவிட்டது. வெள்ளம் எதுவரை ஏறியது என்று வீடு வீடாக அளக்கிறோம். வாண்டு வீட்டுச் சுவரில் சேற்றுக்கோடு சன்னல் கம்பியைத் தாண்டி நிற்கிறது. டேப்பின் ஒரு முனையை அவளே பிடித்தாள்.

"நேரா பிடி."

"நேராத்தான் பிடிச்சிருக்கேன். நீ கண்ணாடியத் துடைச்சிட்டுப் பாரு."

குறித்துக்கொண்டேன். கடையை மாடியில் போட்டால் ஆட்கள் படியேறி வருவார்களா என்று கேட்டாள். வருவார்கள் என்றேன்.

டேப்பை என் கையிலிருந்து வாங்கி, என் தோளுக்குக் குறுக்கே வைத்துப் பார்த்தாள்.

"இளைச்சுட்ட" என்றாள்.