பெயர் வெட்டிய குடம்

ஜூலை 8, திங்கள்
(வருஷம் 1968. டைரி போன வருஷத்தது. அச்சில் சனி என்றிருக்கிறது, அடித்துவிட்டேன்.)

மேல்காற்று. வாசல் தெளித்த ஈரம் காய்வதற்குள் மறுபடி புழுதி. மிளகாய் காயப்போடவில்லை.

இந்த மாதம் தெருவில் மூன்று களவு. எதிர்வீட்டு ராஜாமணி அக்கா கொடியில் போட்ட சேலை. கோடி வீட்டு சைக்கிள் பம்ப். எங்கள் பித்தளைக் குடம். எல்லாம் பட்டப்பகலில்.

குடம் களவு போகவில்லை. போன செவ்வாய் மாமியார் கோவிலுக்குப் போயிருந்த நேரம், பந்தல்குடியிலிருந்து வரும் பாத்திரக்காரரிடம் நான்தான் அதைப் போட்டு எவர்சில்வர் தூக்குவாளி ஒன்று எடுத்தேன். வருஷக்கணக்காகப் பரணில் கிடந்த குடம். யார் தேடப் போகிறார்கள் என்று நினைத்தேன். நேற்றுத் தேடினார்கள். "ஏ பாக்கியம், குடத்தை எவனும் களவாண்டுட்டானா?" என்று அத்தை கேட்டதும் வாய் முந்திக்கொண்டது. "ஆமா போல இருக்கு அத்தை."

தூக்குவாளி என் டிரங்குப் பெட்டியில், முகூர்த்தப் பட்டுக்கு அடியில். பத்து வருஷத்தில் இந்த வீட்டில் நானாகப் பார்த்து எடுத்த ஒரே சாமான். வெளியே எடுத்துப் புழங்க முடியாது. நல்ல கூத்து.

ஜூலை 9, செவ்வாய்

காற்று குறையவில்லை. தலைவலி.

இவர் இரும்புக் கடையை மத்தியானமே சாத்திவிட்டு வந்து ஸ்டேஷனுக்கு மனு எழுதினார். நேற்றிலிருந்து தெருச் சங்கத்துக்குச் செயலாளர். வீடு வீடாகக் கேட்டதில் மூன்று களவு பதினொன்றாகிவிட்டது. கீரி தூக்கிய கோழி, போன பொங்கலுக்குத் தொலைந்த கரண்டி, ராஜாமணி அக்காவின் தாம்பாளம், எல்லாம் இப்போது களவு. "நம்ம தெருவுல நடக்கிற மாதிரி இந்த அருப்புக்கோட்டையில எங்கயும் நடக்கலை" என்கிறார், பரிசு வாங்கினவர் மாதிரி.

முதல் எண் எங்கள் குடம். 'கழுத்தில் சு.மு. என்று பெயர் வெட்டியது.' அத்தை பெயர், மாமா பெயர். அதை நான் யோசிக்கவே இல்லை.

ஜூலை 10, புதன்

தெருமுனையில் மூங்கில் தட்டி கட்டியாயிற்று. ஆம்பிளைகள் முறை வைத்து உட்கார்ந்து வருகிறவர்களை விசாரிக்கிறார்கள்.

கீரைக்காரி: "இருவது வருசமா வாரேன். இப்ப என் அப்பன் பேரு எதுக்கு ஒங்களுக்கு?" திரும்பிப் போய்விட்டாள். கீரை இல்லை. பருப்புத் துவையல்.

இவர் கடையில் பூட்டு தீர்ந்துவிட்டது. மதுரைக்கு எழுதிப் போட்டிருக்கிறார்.

அத்தை தன் சங்கிலியை எங்கோ ஒளித்துவிட்டு மறந்துபோனார். ஒரு மணி நேரம் வீடே அமளி. புளிப் பானைக்குள் கிடைத்தது. இல்லையென்றால் பன்னிரண்டாவது களவு.

எல்லாக் கதவும் பகலிலேயே சாத்திக் கிடக்கின்றன. கறிவேப்பிலை கேட்டுக்கூட யாரும் வருவதில்லை. டிரங்குப் பெட்டியை நாலு தடவை திறந்து பார்த்துவிட்டேன். களவாணி நான் உள்ளேதானே இருக்கிறேன்.

ஜூலை 11, வியாழன்

பாத்திரக்காரரைப் பிடித்துவிட்டார்கள். பதினோரு மணி இருக்கும். தட்டியில் நிறுத்திச் சாக்கைக் கொட்டியதில் குடம் உருண்டு வந்திருக்கிறது. இன்னும் விற்கவில்லை போல. சு.மு.வைப் பார்த்ததும் கோடி வீட்டுக்காரன் கன்னத்தில் அறைந்தான். என் அப்பா வயசு ஆள். லைட்டுக் கம்பத்தில் கட்டினார்கள். இவர் தடுக்கவில்லை. குடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவர் சொன்னது: "ஒரு வீட்டுல போட்டாகய்யா. எந்த வீடுன்னு சொல்ல மாட்டேன். வீட்டு ஆம்பளைகளுக்குத் தெரியாமப் போடுற சாமான். பேரைச் சொன்னா நாளைக்கு எனக்கு யாரு போடுவா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் எங்கள் வீட்டுப் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். வெளியே வந்திருக்கலாம். ஆறேழு எட்டு வைத்தால் போதும். வரவில்லை. ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள்.

ராத்திரி என் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டேன்.

ஜூலை 12, வெள்ளி

காலையில் இவர் சவரம் பண்ணிக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். தூக்குவாளியையும் காட்டினேன். பாதிக் கன்னத்தில் சோப்போடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"மனு குடுத்தாச்சு. இப்பப் போயி எம் பொண்டாட்டிதான்னு சொல்லச் சொல்றியா?"

"அவரு மேல கேஸ் எழுதிட்டா?"

"ரெண்டு நாள் விசாரிச்சிட்டு விட்ருவாக. நீ வாயத் தெறக்காத."

மீதிக் கன்னத்தை வழிக்காமலே துண்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

செய்ய வேண்டியது: பால்காரரிடம் சொல்ல. உளுந்து ஊறப்போட. ஸ்டேஷன்.

ஜூலை 13, சனி

போனேன். தனியாக. தூக்குவாளியை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு.

ஏட்டு நல்ல மாதிரி. உட்காரச் சொன்னார். முழுக்கக் கேட்டார். "எழுதத் தெரியுமாம்மா? தெரிஞ்சா எழுதிக் குடுங்க." இந்த டைரியைத் தவிர வேறு எதிலும் நான் எழுதிப் பத்து வருஷம். 'குடத்தைக் கொடுத்தது நான். அவர் திருடவில்லை.' கீழே என் பெயர், இவர் பெயர், தெரு.

பாத்திரக்காரரை வெளியே அனுப்பினார்கள். கன்னம் இன்னும் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும், "நான் ஒங்க பேரைச் சொல்லலை தாயி."

"தெரியும்யா. தப்பு என்மேல. அன்னிக்கே வந்து சொல்லியிருக்கணும்."

குடம் வீட்டுக்குத் திரும்புகிறது, அதனால் தூக்குவாளியை அவரிடம் கொடுத்தேன். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "கீறல்கூட விழலை. புழங்கவே இல்லியா?" இல்லை என்றேன். பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று போய்விட்டார்.

எனக்கு முன்னால் சேதி வீட்டுக்கு வந்துவிட்டது. உள்ளே நுழையும்போது அத்தை: "எம் பேரு வெட்டின குடம்டி." அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஜூலை 14, ஞாயிறு

காற்றில் கொடி அறுந்து விழுந்தது. துணியெல்லாம் மறுபடி அலசினேன்.

மனுவில் முதல் எண்ணை அடித்துவிட்டு மற்ற பத்தையும் இவர் புதிதாக எழுதினார். தட்டி அப்படியே இருக்குமாம். பூட்டு லோடு வந்துவிட்டது. அதில் ஒன்று எங்கள் அடுக்களைக்கு. சாவி அத்தை இடுப்பில். உப்பு வேண்டுமென்றாலும் கேட்டு வாங்க வேண்டும். மூன்று தடவை கேட்டேன், கூசியது. திருச்சுழிக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விடலாமா என்றிருக்கிறது.

மூன்று மணிக்குக் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ராஜாமணி அக்கா. நேற்றிலிருந்து முகம் கொடுக்காதவள், சந்து வழியாகச் சுற்றி வந்திருக்கிறாள்.

"பாக்கியம், என் தாம்பாளத்தையும் அந்தாளுகிட்டத்தான் போட்டேன். எங்க வீட்டுல சொல்லிராத."

மனுவில் இப்போது ஐந்தாம் எண். சொல்ல மாட்டேன் என்றேன்.

போகாமல் நின்றாள். "அவரு இனிமே வருவாரா? பித்தளைக் கூசா ஒண்ணு கிடக்கு." அப்புறம் இன்னும் மெதுவாக, "இந்தச் சந்துக்குத் தட்டி கட்டலைல்ல?"

கட்டலைக்கா என்றேன்.