வெறும் மேசைக்கு முன்னால்

இல்லை, என் அன்பு அப்பா, சந்திராவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை.

அவர் இப்போதும் ஞாயிறு காலையில் தெமட்டகொடையிலிருந்து பஸ் பிடித்து வெள்ளவத்தைக்கு வருகிறார். முன்னறைக் கதிரையில் இருந்து, "நங்கி, இண்டைக்கு வானம் எப்படி?" என்று சிங்களத்தில் கேட்கிறார்; வானொலி அலை தெளிவாக வருமா என்பதற்கு நீங்கள் பழக்கிய சொல். நான் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வெறும் மேசைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்கிறேன். திரும்பி வந்து, "சரியில்லை அக்கே" என்கிறேன்.

நீங்கள் போனது அவருக்குத் தெரியும். அதற்கு முன்பே உங்கள் வானொலி செட்டைப் பொலிஸ் கொண்டுபோனது தெரியாது.

"யுத்தம் வந்தால் எல்லா நாட்டிலயும் முதல் எங்கட செட்டைப் பறிப்பாங்கள். பிறகு ஆள் காணாமல் எங்களையே கூப்பிடுவாங்கள்." அமெச்சூர் வானொலிக்காரரின் சரித்திரம் அவ்வளவுதான் என்பீர்கள். உங்களுக்கு அது தலைகீழாக நடந்தது. முதலில் கூப்பிட்டார்கள். வடக்கு முகாமுக்கு டெலிபோன் இல்லை. சிப்பாய்களின் சுகசெய்தியை வாங்கி வீட்டாருக்குச் சொல்லக் கேட்டார்கள். சந்திராவின் கணவரும் அந்த முகாமில்தான் இருந்தார். பிறகு, கூரையில் ஏரியல் வைத்திருக்கும் தமிழன் என்று பறித்தார்கள்.

எதிர்வீட்டு மாமா ஒருநாள் கேற்றடியில் நின்று கேட்டார்: "என்ன, ஆமிக்குத் தந்தி அடிச்சு முடிஞ்சுதோ?"

"ஆமிக்கில்லை ஐசே. ஒருத்தன்ர மனிசிக்கு."

அவர் உங்கள் செத்தவீட்டுக்கும் வரவில்லை.

முகாம் பேசாமல் போன ஞாயிறு நானும் பின்னறையில் இருந்தேன். செட்டில் மட்டக்களப்பு நண்பரின் குரல் பக்கத்து வீட்டில் கதைப்பதுபோலக் கேட்டது. வானத்தில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் ஆமியின் சிக்னல்ஸ் அதிகாரிக்கு டெலிபோன் எடுத்தீர்கள். "அங்கிள், இனி அந்த முகாமைக் கூப்பிட வேண்டாம்" என்று மட்டும் அவர் சொன்னதாக என்னிடம் சொன்னீர்கள். பிறகு முன்னறைக்குப் போய், சந்திராவிடம் வானம் சரியில்லை என்றீர்கள்.

ஒரு வாரத்துக்கு என்று நினைத்தீர்களா? அந்தப் பொய்யை என்னிடம் விட்டுப்போவோம் என்று நினைத்தீர்களா?

ஆமி அவருடைய கணவரைக் காணாமல் போனவர் என்றுதான் அறிவித்திருக்கிறது. போன ஞாயிறு அவர் சிரித்தபடி சொன்னார்: "மாமி அவருக்குத் தானம் குடுக்கச் சொல்றா நங்கி, செத்த ஆளுக்குக் குடுக்கிற மாதிரி. வானம் வெளிக்கட்டும், அவர் கதைப்பார் எண்டு சொல்லிப்போட்டன்."

நான் தேத்தண்ணி போட எழும்பிப் போய்விட்டேன்.

உங்களைப் பொய்யராக்காமல் இதைச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. சொன்னாலும் அவருக்கு எதுவும் கிடைக்கப்போவதில்லை. காத்திருக்க அவர் வைத்திருந்த ஒரு சொல்லும் போய்விடும். ஆனாலும் அப்பா, அந்த அறைக்குள் இனி நான் தனியே போகமாட்டேன்.

உங்கள் ஒரே மகள்.

ஞாயிறு சந்திரா வந்து கேட்டார். கதவைத் திறந்து அவரைப் பின்னறைக்குக் கூட்டிப்போனேன். செட் இருந்த இடத்தைக் காட்டி, முகாம் பேசாமல் போன அன்று வானம் நன்றாக இருந்தது என்று சொன்னேன்.